ரோபோ போட்டிக்கு அணியாகப் போவது எப்படி: நெல்லைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரோபோ போட்டி அன்று அணிக்குள் வரும் சண்டைகளைப் பட்டியல் போட்டால் ஐந்தாறு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பேட்டரியை யார் சார்ஜ் போட்டது? கடைசியாகப் புரோகிராமில் கை வைத்தது யார்? நடுவரிடம் யார் பேசுவது? ரிமோட் ஏன் எப்போதும் ஒரே ஆள் கையில் இருக்கிறது? இவை எல்லாவற்றையும் ஒரு மாதம் முன்பே ஒரு தாளில் எழுதித் தீர்த்துவிடலாம். அப்படித் தீர்க்காமல் வரும் அணிதான் பக்கத்து மேசைக்காரனிடமும் எரிந்து விழுகிறது. விளையாட்டுப் பண்பு என்று தனியாக வகுப்பு எடுத்து ஆகப்போவது குறைவு. வேலை ஏற்பாடு சரியாக இருந்தால் முக்கால்வாசி தானாக வந்துவிடும், மீதிக் கால்வாசியைப் பழக்க வேண்டும். இரண்டுக்குமான வழி கீழே.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உள்ள மாணவர்களையும், அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் அமைந்த செய்முறைக் கூடம்) உள்ள பள்ளிகளையும், லேப் இல்லாமல் ஒரு அலமாரியும் நாலு கிட்டும் வைத்துச் சமாளிக்கும் பள்ளிகளையும் மனதில் வைத்து எழுதியது.

படி 1: ரூல் புத்தகத்தை எல்லாரும் படிப்பது

போட்டிக்குப் போட்டி கணக்கு வேறு. ஃபர்ஸ்ட் லெகோ லீக் சேலஞ்சில் ஒரு அணியில் 10 பேர் வரை இருக்கலாம். ஒரு ஆட்டம் இரண்டரை நிமிடம், ஒரு நேரத்தில் மேசைக்குப் பக்கத்தில் சிலர்தான் நிற்க முடியும், மற்றவர்கள் முறை மாற்றி வரலாம். வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாடில் அணிக்கு 2 அல்லது 3 பேர்தான். அதன் ரோபோமிஷன் பிரிவில் தொடங்கும்போது ரோபோ 25 சென்டிமீட்டர் நீள, அகல, உயரத்துக்குள் அடங்க வேண்டும், போட்டி அன்று காலையில் புதிதாக ஒரு விதியையும் அறிவிப்பார்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் இரண்டு அணிகள் கூட்டணியாகச் சேர்ந்து வேறு இரண்டு அணிகளோடு மோதும். முதல் 30 விநாடி ரோபோ தானாக ஓட வேண்டும், அடுத்த 2 நிமிடம் மாணவர்கள் ஓட்டலாம். நம் பக்கத்து பொறியியல் கல்லூரிகள் நடத்தும் லைன் ஃபாலோயர் (கோட்டைப் பிடித்து ஓடுவது), ரோபோ சாக்கர், மேஸ் (சிக்கல் பாதையில் வழி கண்டுபிடிப்பது) போட்டிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்க பி.டி.எஃப்.தான் விதி. அதில் எழுதாததை நடுவர் அந்த இடத்திலேயே முடிவு செய்வார்.

படிக்கும் முறை இது. ஆளுக்கு ஒரு பிரதி. ஒவ்வொருவரும் தனக்குப் புரியாத மூன்று இடங்களைப் பென்சிலால் கோடிட்டு வர வேண்டும். மறுநாள் உட்கார்ந்து, எல்லாரும் கோடிட்ட இடங்களை ஒரே தாளில் எழுதி, விடை கிடைக்காதவற்றைப் போட்டி நடத்துகிறவர்களுக்குக் கேள்வியாக அனுப்புங்கள். "ரோபோ கோட்டை விட்டு விலகினால்" என்றால் ஒரு சக்கரமா, முழு வண்டியுமா? நேரம் எப்போது தொடங்கும், விசில் ஊதும்போதா, ரோபோ கோட்டைத் தாண்டும்போதா? அன்றைக்கு நடக்கும் வாக்குவாதங்களில் பாதி இந்த இரண்டு கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. முன்கூட்டியே கேட்டு வாங்கிய பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதியை ஆசிரியர் மட்டும் படித்துச் சொல்லும் அணி மைதானத்தில் ஆசிரியர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

படி 2: ஆள் சேர்ப்பது

ஒரே தெரு, ஒரே டவுன் பஸ், ஒரே பெஞ்ச் என்று கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து அணியாக வந்து நிற்பார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்வது சுலபம்தான், ஆனால் வேண்டாம். எல்லாரும் புரோகிராம் போடுகிறேன் என்பார்கள், நட்டு முறுக்க ஆள் இருக்காது. விருப்பம் சொன்ன பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை வரச் சொல்லி, மூன்று மூன்று பேராகக் கலந்து, ஒரு சேசிஸ் (ரோபோவின் அடிச்சட்டம்) கிட்டும் 40 நிமிடமும் கொடுங்கள். யார் வேகமாகப் பூட்டுகிறார் என்று பார்ப்பதைவிட யார் அடுத்தவர் கைக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கிறார், யார் பிடுங்குகிறார், யார் ஒன்றும் சொல்லாமல் சிந்திய நட்டைப் பொறுக்கி டப்பாவில் போடுகிறார் என்று பாருங்கள். அந்தக் கடைசி ஆள் கட்டாயம் அணிக்கு வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குச் சார்ட் எழுதும் வேலையும் ரிப்போர்ட் வேலையும், பையன்களுக்கு ரோபோ என்று பிரிந்துவிடுவது இங்கே வழக்கமாக நடக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, கண்ணை மூடினால் அப்படி ஆகிவிடும். இதற்கு ஒரே மருந்து, எழுதி வைத்த சுழற்சி. ஓட்டும் முறை எல்லாருக்கும் உண்டு, எழுதும் முறையும் எல்லாருக்கும் உண்டு.

இன்னொன்றையும் இந்த மாவட்டத்தில் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். அணி அடையாளம் என்று சொல்லிக் கையில் நிறக்கயிறு, நிற பேண்டு எதுவும் வேண்டாம். எந்த நிறம் யாருக்கு என்று இங்கே பிள்ளைகளுக்குத் தெரியும், எதிர் அணிக்கும் தெரியும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் நிறக்கயிற்றைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. அடையாளம் வேண்டுமென்றால் அணிப் பெயர் அச்சடித்த வெள்ளை டீ-சர்ட் போதும். அணிப் பெயரும் ஒரு ஊரையோ தெருவையோ குறிக்காமல் இருக்கட்டும். பொதிகை, பொருநை என்று வைத்தால் யாருக்கும் வருத்தமில்லை.

படி 3: வேலையைப் பிரித்து எழுதுவது

ஐந்து பேர் அணி என்றால் ஐந்து பொறுப்பு. இயந்திரம் (சேசிஸ், சக்கரம், கியர், நட்டு); மின்சாரம் (பேட்டரி, வயர், டிரைவர் போர்டு); புரோகிராம்; களம் (ரோபோவைக் கோட்டில் வைப்பது, ஓட்டுவது); பதிவும் பேச்சும் (நோட்டு, ஸ்கோர், நடுவரிடம் பேசுவது). மூன்று பேர்தான் என்றால் இயந்திரமும் மின்சாரமும் ஒருவரிடம், களமும் பேச்சும் ஒருவரிடம்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு இரண்டாம் ஆள் பெயரும் எழுத வேண்டும். ஊரில் கோயில் கொடை என்றால் பையன் வரமாட்டான், அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அதனால் வாரத்தில் ஒரு நாள், முதல் ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், இரண்டாம் ஆள் அந்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும். "நான் இல்லாம ஓடாது" என்கிற பேச்சு இரண்டே வாரத்தில் அடங்கும். உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்கக்கூடாது என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

பயிற்சி நேரத்தைப் பஸ்ஸை வைத்துப் போடுங்கள். சேரன்மகாதேவியிலிருந்தும் மானூரிலிருந்தும் வரும் பிள்ளை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றால், முக்கியமான முடிவுகளை ஐந்தரைக்குள் எடுத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் உள்ளூர்ப் பையன்கள் ஏழு மணி வரை இருந்து ரோபோவை மாற்றிவிட்டால், மறுநாள் வரும் பிள்ளைக்கு அது வேறொருவர் ரோபோ. ஐந்தரைக்குப் பிறகு பழுது பார்க்கலாம், ஓட்டிப் பழகலாம், வடிவத்தை மாற்றக்கூடாது என்று விதி வையுங்கள்.

படி 4: பழி போடும் பேச்சை மல்டிமீட்டரால் நிறுத்துவது

"நேத்து நல்லா ஓடிச்சு, இன்னைக்கு நீ என்னத்தையோ மாத்திட்ட." அணிகள் உடையும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பள்ளிகளில் அதிகம் புழங்கும் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: ஆர்டுயினோ யூனோ (புரோகிராமை ஓட்டும் சின்ன போர்டு), எல்298என் டிரைவர் போர்டு (அதன் சொல்படி மோட்டாருக்கு மின்சாரம் விடுவது), மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் (பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார்) இரண்டு, 18650 செல் (திரும்பச் சார்ஜ் போடும் லித்தியம் செல்) இரண்டு. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், இரண்டும் தொடராக 8.4. ஓட ஓட 7.4 பக்கம் வந்து, தீரும்போது 6.4க்கும் கீழே போகும். எல்298என் தன் பங்குக்கு இரண்டு வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும். ஆக மோட்டாருக்குக் காலையில் 6.4 வோல்ட் போனது என்றால் மதியம் 5 வோல்ட்கூடப் போகாது. அதே புரோகிராம், அதே டிலே எண்கள் (மோட்டார் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பவை), ஆனால் வண்டி மெதுவாகிவிட்டது, 90 டிகிரி திரும்ப வேண்டிய இடத்தில் 70 டிகிரிதான் திரும்புகிறது. புரோகிராம் போட்டவர் சக்கரத்தைக் குறை சொல்வார், சக்கரம் பூட்டியவர் புரோகிராமைக் குறை சொல்வார். இரண்டிலும் குற்றமில்லை.

எனவே எது தவறினாலும் முதலில் பார்க்கும் வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒன்று, பேட்டரி வோல்ட்: ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அளந்து நோட்டில் எழுத வேண்டும், ஓட்டத்தை 7.6க்கு மேல் மட்டும் நடத்துவது என்று முடிவு செய்துகொள்ளலாம். இரண்டு, வயர்: ஒவ்வொரு ஜம்பரையும் (செருகும் சின்ன வயர்) இழுத்துப் பார்க்காமல் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். மூன்று, சக்கரம்: தூசி, தலைமுடி, தண்டில் தளர்வு. நான்கு, சென்சார் அளவு. ஐந்தாவதாகத்தான் புரோகிராம். இந்த நாலையும் தாண்டாமல் யாரும் யாரையும் "நீதான்" என்று சொல்லக்கூடாது. மல்டிமீட்டர் முந்நூறு ரூபாய்க்குக்கூடக் கிடைக்கும். அது மிச்சப்படுத்தும் கோபம் அதைவிட அதிகம்.

9 வோல்ட் சதுர பேட்டரியில் மோட்டாரை ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேட்டரியால் அவ்வளவு கரண்ட் கொடுக்க முடியாது, மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் சரிந்து ஆர்டுயினோ ரீசெட் ஆகும். பார்ப்பதற்குப் புரோகிராம் பிழை மாதிரியே இருக்கும்.

புரோகிராம் கோப்புக்குத் தேதியும் மாற்றியவர் பெயரின் முதல் எழுத்தும் வையுங்கள். ஓடும் பதிப்பு ஒன்றைத் தனி ஃபோல்டரில் பூட்டி, பென் டிரைவில் ஒன்று, இரண்டாம் ஆள் லேப்டாப்பில் ஒன்று. போட்டி அன்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக மாற்றிய புரோகிராம் ஓடினாலும் பிரச்சினைதான், ஓடாவிட்டாலும் பிரச்சினைதான்.

கருத்து வேறுபாடு வந்தால் ஓட்டுப் போட வேண்டாம், ஓட்டிப் பாருங்கள். இரண்டு யோசனைக்கும் ஐந்து ஐந்து ஓட்டம், ஒரே பேட்டரி அளவில். எதில் அதிக முறை வண்டி முடிவைத் தொட்டதோ அது. வேகமான ஓட்டத்தைவிட ஐந்துக்கு நாலு முறை முடிக்கும் ஓட்டம் மேல்.

படி 5: ஒத்திகை

நெல்லைப் பக்கம் சடங்கு ஃப்ளெக்ஸுக்கும் கல்யாண ஃப்ளெக்ஸுக்கும் பஞ்சமே இல்லை. பழைய பேனர் ஒன்றை வாங்கி, வெள்ளைப் பின்புறத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் லைன் ஃபாலோயர் பாதை தயார். கல்லூரிகளில் பாதையைப் பெரும்பாலும் ஃப்ளெக்ஸில்தான் அடிப்பார்கள். அது பளபளக்கும், சார்ட் பேப்பரில் பழகிய சென்சார் அங்கே ஏமாறும்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து, வாரத்தில் இரண்டு நாள் முழு ஒத்திகை. ஸ்டாப்வாட்ச் உண்டு, நடுவராக வேறு வகுப்பு ஆசிரியர் ஒருவர் உண்டு, பக்கத்தில் கூச்சல் போட ஏழெட்டுப் பிள்ளைகளும் உண்டு. அமைதியான லேபில் மட்டும் பழகிய அணிக்கு ஹாலின் இரைச்சலில் கை நடுங்கும்.

ஒத்திகையில் வேண்டுமென்றே தடங்கல் கொடுங்கள். ஒரு ஜம்பரை யாருக்கும் தெரியாமல் பிடுங்கி வையுங்கள். ஓட்டம் நடுவில் "சார்ஜ் தீர்ந்தது" என்று சொல்லுங்கள். நடுவர் தவறாக ஒரு புள்ளியைக் குறைக்கட்டும். இப்படி ஆறேழு தடங்கலைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தடங்கல் வந்த முதல் பத்து விநாடியில் யார் என்ன சொல்கிறார்கள். "ஏல, நீதாம்ல தொட்ட" என்று வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. அந்த இடத்தில் சொல்வதற்கு அணி தனக்கென்று ஒரு சொல் வைத்துக்கொள்ளட்டும், "சரி, அடுத்து" என்பது போல. சொல்கிறவர் களப் பொறுப்பாளர் மட்டும். மற்றவர்கள் வாய் மூடி அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். லெகோ லீக்கில் தொடக்க இடத்துக்கு வெளியே ரோபோவைப் பதறிப் பிடித்துத் தூக்கினால், தொடக்கத்தில் கொடுக்கும் 6 துல்லிய டோக்கன்களில் ஒன்று போகும். பதற்றத்துக்கு அங்கே விலையே வைத்திருக்கிறார்கள்.

விளக்கம் சொல்லும் சுற்று இருந்தால், தமிழில் பேசலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள். ஆங்கிலத்தில்தான் என்றாலும், இங்கிலீஷ் நன்றாக வரும் ஒரே பிள்ளையிடம் முழுப் பேச்சையும் கொடுத்துவிட வேண்டாம். வாய் திறக்காத பிள்ளையிடம்தான் நடுவர் கேள்வி கேட்பார். அவரவர் செய்த பகுதியை அவரவர் நாலு வரியில் சொல்லட்டும், திக்கினால் பக்கத்துப் பிள்ளை ஒரு சொல் எடுத்துக் கொடுக்கலாம், பேச்சையே பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

படி 6: பெட்டி கட்டுவது

போட்டி பெரும்பாலும் சனி, ஞாயிறில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷன் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. எடுத்துப் போக வேண்டியவை:

- 18650 செல் 6 (இரண்டு ஓடும், இரண்டு சார்ஜில், இரண்டு கையிருப்பு), சார்ஜர் 1, செல் வைக்கும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா
- பி.ஓ. மோட்டார் 2, சக்கரம் 2, டிரைவர் போர்டு 1, ஆர்டுயினோ 1, அதற்கான யு.எஸ்.பி. வயர் 2
- ஜம்பர் வயர் மூன்று வகையிலும் (முனை ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-பெண்) இருபது இருபது
- 3 மில்லிமீட்டர் நட்டு, போல்ட் ஒரு கைப்பிடி, கேபிள் டை 50, இன்சுலேஷன் டேப் 2, இரட்டைப் பக்க ஃபோம் டேப் 1
- ஸ்க்ரூ டிரைவர் 2, மூக்குக் குறடு, கட்டர், மல்டிமீட்டர், சால்டரிங் அயன் (அனுமதி இருந்தால்)
- எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, 5 மீட்டர் வயரோடு
- ஈரத்துணி, காய்ந்த துணி, பழைய டூத் பிரஷ்

இதோடு "கடன் டப்பா" என்று சின்னதாக ஒன்று. அதில் ஜம்பர் பத்து, கேபிள் டை பத்து, நட்டு போல்ட் கொஞ்சம், ஒரு யு.எஸ்.பி. வயர், ஒரு டேப். பக்கத்து அணிக்குக் கொடுப்பதற்கென்றே தனியாக எடுத்து வைத்தது. தனியாக இல்லாவிட்டால், கேட்கும்போது பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு "நமக்கே பத்தாதே" என்று ஒருவர் முணுமுணுப்பார், கேட்டவன் காதில் அது விழும்.

செல்களைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் போடக்கூடாது. நிறுத்தி வைத்த வேனுக்குள் வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது. வீங்கின செல்லை, உறை கிழிந்த செல்லை எடுத்துப் போகவே வேண்டாம். பஸ்ஸில் ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு போவதானால் சக்கரம் தரையில் படாமல் அட்டைப் பெட்டிக்குள் துணியைச் சுருட்டி நிறுத்துங்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

படி 7: போட்டி அன்று காலை

போய்ச் சேர்ந்த முதல் அரை மணியில் மேசை, பிளக், பரிசோதனை மூன்றும் முடிய வேண்டும். மேசையைச் சுற்றி அணியின் நாற்காலி பரவக்கூடாது. ஒரு பிளக் பாயிண்டில் நாலு அணி இருந்தால், நீங்கள் கொண்டுபோன எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் போட்டு இரண்டு ஓட்டையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அன்றைய நாளின் முதல் நட்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

சென்சாரை அந்த ஹாலின் வெளிச்சத்தில் மறுபடி சரிசெய்ய வேண்டும். ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளி) சென்சார் வெயிலுக்கு ஏமாறும். காலை பத்து மணிக்கு ஜன்னல் வெயில் ஒரு மூலையில் விழும், பன்னிரண்டு மணிக்கு அங்கே இருக்காது. கறுப்புச் சார்ட் பேப்பரில் சென்சாரைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு மறைப்பு ஒட்டினால் தொல்லை குறையும். பழகும் பாதையில் நேரம் பங்கு போட்டுத்தான் கிடைக்கும். உங்கள் ஐந்து நிமிடம் முடிந்ததும் ரோபோவை எடுத்துவிடுங்கள், "ஒரே ஒரு ரவுண்டு" என்று கெஞ்ச வேண்டாம். பின்னால் நிற்கும் அணியும் அதே வெயிலோடுதான் போராடுகிறது.

ஃபோனால் புளூடூத்தில் ஓட்டும் போட்டி என்றால் இந்த ஒன்றை எல்லாரும் மறக்கிறார்கள். ரோபோவில் மாட்டும் எச்.சி.-05 புளூடூத் மாட்யூல் எல்லாமே ஒரே பெயரோடும், பெரும்பாலும் 1234 என்ற ஒரே பின் (PIN) எண்ணோடும் வருகிறது. ஹாலில் பதினைந்து அணி ஆன் செய்தால் ஃபோனில் பதினைந்து எச்.சி.-05 தெரியும். நீங்கள் முன்னால் தள்ள, பக்கத்து மேசையில் இருந்து யாருடையதோ கீழே விழும். பள்ளியிலேயே மாட்யூலைக் கமாண்டு நிலையில் வைத்து, 38400 பாட் வேகத்தில் ஏ.டி. கமாண்டு கொடுத்துப் பெயரையும் பின் எண்ணையும் மாற்றிவிடுங்கள். பின் எண்ணை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம். வேறு அணியின் வண்டி தவறிப்போய் உங்கள் ஃபோனில் சேர்ந்துவிட்டால், உடனே துண்டித்துவிட்டு நேரில் போய்ச் சொல்லுங்கள்: "தம்பி, உங்க மாட்யூல் எங்க ஃபோன்ல வந்துட்டு. பேர மாத்திக்கிடுங்க, வேணும்னா நாங்க காட்டித் தாரோம்." சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று கை போனால், அது விளையாட்டு இல்லை, அணியையே வெளியேற்றலாம்.

பேச்சில் ஒரு எச்சரிக்கை. நமக்குள் "ஏல", "வாலே" என்பது பிரியம்தான். கோவில்பட்டியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த முன்பின் தெரியாத பையனிடம் அதைச் சொன்னால் வம்புக்கு இழுப்பது போலத் தோன்றும். வேறு அணி என்றால் "நீங்க", சின்னவர் என்றால் "தம்பி, பாப்பா", பெரியவர் என்றால் "அண்ணே, அக்கா".

படி 8: களத்தில், நடுவரோடு

களத்துக்குப் போகும்போது எதிர் அணியிடம் ஒரு வணக்கம், பெயர் சொல்லிக்கொள்வது. முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், போய்க் கை கொடுப்பது. இதைப் பழக்கமாக்க ஒத்திகையிலேயே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தோற்ற அன்று கால் நகராது.

ஓட்டம் முடிந்ததும் களத்தில் எதையும் தொடாதீர்கள். பொருள் எங்கே கிடக்கிறதோ அதுதான் உங்கள் சாட்சி. நடுவர் ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லிக்கொண்டு வரும்போது, பேச்சுப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்று தன் தாளில் குறிக்க வேண்டும். ஐயம் இருந்தால் அப்போதே, அங்கேயே கேட்க வேண்டும், களத்தைக் கலைத்த பிறகு கேட்டுப் பயனில்லை. கேட்கும் விதம்:

"சார், மூணாவது செக்பாயிண்டுல பின்சக்கரம் கோட்டுமேலதான் இருந்துச்சுன்னு நாங்க நினைக்கோம். விதி 4.2ல ஒரு சக்கரம் இருந்தாப் போதும்னு இருக்கு. ஒருக்கா பாத்துச் சொல்லுதீங்களா?"

இதில் மூன்று விஷயம் இருக்கிறது: எந்த இடம், எந்த விதி, ஒரு வேண்டுகோள். "அந்த டீமுக்கு மட்டும் குடுத்தீங்களே" என்பது இல்லை. நடுவர் மறுத்துவிட்டால் "சரி சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். மேல்முறையீட்டுக்கு விதியில் வழி இருந்தால் அந்த வழியில் மட்டும். ஃபோன் வீடியோவைக் காட்டி வாதாடாதீர்கள், பெரிய போட்டிகள் பலவற்றில் நடுவர்கள் வீடியோவைப் பார்ப்பதே இல்லை. லெகோ லீக் விதியில், இப்படியும் அப்படியும் சொல்ல முடியாத நெருக்கமான இடத்தில் பலனை அணிக்கே கொடுக்கச் சொல்லியிருக்கிறது. சத்தம் போடாமல் கேட்கும் அணிக்கு அது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நடுவர் தவறி உங்களுக்குக் கூடுதலாகப் புள்ளி போட்டுவிட்டால்? அதையும் அதே ஆள், அதே குரலில் சொல்ல வேண்டும். இதை ஒத்திகைச் சீட்டில் ஒன்றாகவே சேர்த்துவிடுங்கள். களத்தில் யோசித்து முடிவெடுக்க விட்டால் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

லெகோ லீக்குக்கும் டெக் சேலஞ்சுக்கும் பின்னால் உள்ள ஃபர்ஸ்ட் அமைப்பை டீன் கேமன் 1989இல் தொடங்கினார். அங்கே எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃப்ளவர்ஸ் "கிரேசியஸ் புரொஃபஷனலிசம்" என்று ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார். உயிரைக் கொடுத்துப் போட்டியிடு, அதே நேரம் எதிராளியை மதித்து உதவு என்பது அதன் சாரம். லெகோ லீக்கில் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவர் இதற்கென்று 2, 3, 4 என்று மதிப்பெண் போடுகிறார். ரோபோ நின்றுபோன அந்த நேரத்தில் கூட்டாளியிடம் நீங்கள் எப்படிப் பேசினீர்கள் என்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படி 9: உதவி, அதன் எல்லை

கேட்டால் கொடுக்க வேண்டியவை: பொருள், கருவி, விதி பற்றிய தகவல், சார்ஜ் போட இடம். கடன் டப்பாவில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும், அணிப் பெயர், பொருள், மணி என்று எழுதிக்கொண்டு கொடுங்கள். எழுதினால் கோபித்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம், எழுதாததால்தான் மாலையில் கசப்பு வருகிறது.

கேட்டாலும் செய்யக்கூடாதவை: அவர்கள் ரோபோவை நீங்கள் எடுத்துப் பூட்டுவது, உங்கள் புரோகிராமை அவர்கள் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுப்பது. ஸ்க்ரூ டிரைவர் அவர்கள் கையில் இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று "அவுட் 1, அவுட் 2 ரெண்டையும் மாத்திப் பாருங்க, மோட்டார் திரும்பிச் சுத்துது" என்று சொல்லுங்கள். கேட்காமல் போய் யோசனை சொல்வதும் வேண்டாம். இன்னும் மூன்று நிமிடத்தில் ஓடப் போகிற அணிக்கு நல்ல யோசனையும் தொல்லைதான்.

மற்றவர் ரோபோவைப் படமெடுக்குமுன் கேளுங்கள். நீங்கள் கடன் வாங்கினால், ஓட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் பொருள் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

கூட்டணிப் போட்டியில் உங்கள் ரோபோவால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைக் கூட்டாளி அணியிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். "பத்துக்கு ஆறு தடவை ஏறும்" என்று சொன்னால் அதற்கேற்பத் திட்டம் போடுவார்கள். "எப்பவும் ஏறும்" என்று சொல்லிவிட்டு ஏறாவிட்டால் இரண்டு அணியின் ஆட்டமும் போகும்.

படி 10: பெரியவர்கள்

ஆசிரியரும் பெற்றோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். மாணவர் வேலையை மாணவரே செய்ய வேண்டும் என்பது லெகோ லீக், ரோபோட் ஒலிம்பியாட் இரண்டிலும் விதி. கடையிலோ புராஜெக்ட் சென்டரிலோ ரெடிமேடாக வாங்கிய ரோபோ இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்: "இந்த கேஸ்டர் வீலை ஏன் பின்னால வச்சீங்க?" நடுவரிடம் பெற்றோர் பேசப் போவதை ஆசிரியர்தான் தடுக்க வேண்டும், பிள்ளைகளால் முடியாது. ஆசிரியருக்குச் செய்ய நிறைய இருக்கிறது: தண்ணீர், ஒன்றரை மணிக்குள் சாப்பாடு, திரும்பும் பஸ் நேரம், அழும் பிள்ளையைக் கொஞ்சம் வெளியே கூட்டிப் போய்க் காற்று வாங்க வைப்பது. சாப்பிட்ட கை எண்ணெய் பிசுக்கோடு டயரைத் தொட்டால் பிடிமானம் போகும், புளியோதரை கட்டிக் கொடுக்கிறவர்கள் சோப்பும் சேர்த்துக் கொடுங்கள்.

படி 11: முடிவு வந்த பிறகு

பரிசு அறிவிக்கும்போது அணி முழுதும் இருக்க வேண்டும். முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தாலும் பாதியில் கிளம்பாதீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றால் நடத்துகிறவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வென்ற அணியிடம் போய், எந்தப் பகுதி உங்களுக்குப் பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "சூப்பர்" என்பதைவிட "உங்க வயரிங் சுத்தமா இருந்துச்சு, எப்படிக் கட்டுனீங்க?" என்பதற்குப் பதிலும் கிடைக்கும், பாடமும் கிடைக்கும். நீங்கள் வென்றிருந்தால், கூச்சல் அணி மேசையோடு நிற்கட்டும், தோற்றவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வேண்டாம். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் அடுத்த அணியின் ரோபோ விழும் வீடியோவைப் போடக்கூடாது என்பதைப் பஸ் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஆராய்ச்சி வேண்டாம், எல்லாரும் களைத்திருப்பார்கள். திங்களோ செவ்வாயோ அரை மணி உட்காருங்கள். நோட்டில் உள்ள ஓட்டங்களை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் என்ன வோல்ட், என்ன நடந்தது, எதை மாற்றினோம் என்று வாசியுங்கள். பெயர் சொல்லாமல், பொறுப்பின் பெயரை மட்டும் சொல்லிப் பேசட்டும்: "மின்சாரத்துல மூணாவது ஓட்டத்துக்கு முன்ன அளக்கல." பிறகு ஒவ்வொருவரும் அடுத்த போட்டிக்குத் தான் ஏற்க விரும்பும் வேறொரு பொறுப்பை எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடன் நோட்டைப் பார்த்துத் திரும்ப வராத பொருளுக்கு அந்தப் பள்ளி ஆசிரியரிடம் ஒரு ஃபோன் போதும், வராவிட்டால் விட்டுவிடுங்கள். செல்களை முழு சார்ஜிலோ காலியாகவோ அலமாரியில் வைக்காமல், ஒவ்வொன்றும் 3.7, 3.8 வோல்ட் அளவில் இருக்கும்படி செய்து, தேதி எழுதிய டேப் ஒட்டி டப்பாவில் போடுங்கள். ரோபோவை உடனே கழற்ற வேண்டாம். எல்லாப் பக்கமும் படமெடுத்து, வயரிங்கைக் கையால் வரைந்து நோட்டில் ஒட்டிய பிறகு, அடுத்த ஆண்டு சேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே கழற்றச் சொல்லுங்கள்.